காசில்லாதவனின் புதுச்சேரி

(புதுச்சேரியில் ஒரு வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வூரிலேயே பிறந்து, இவ்வூர்க் காற்றையே சுவாசித்து வளர்ந்த உங்கள் முன்னிலையில், எங்கிருந்தோ பஸ் ஏறி வந்த ஒருவன் இவ்வூரின் பெருமையைப் பேசத் துணிவது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற காரியம் என்பதை நான் அறியாதவனல்லேன். ஆயினும், செலவு அதிகமில்லாமல் ஊர் பார்ப்பது எப்படி என்று பிரயாணப் பிரியர்களுக்கு உபயோகமாகச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும் என்று உங்கள் செயலாளர் கேட்டபோது, நாற்பது ஆண்டுகளாக அந்த வித்தையை வேறெங்கும் கற்காமல் இங்கேயே கற்றவனாகிய எனக்கு மறுக்க மனம் வரவில்லை. "காசில்லாதவனின் புதுச்சேரி" என்று தலைப்பு கொடுத்தேன். அழைப்பிதழில் அப்படி அச்சிட்டால் கௌரவமானவர்கள் வருவார்களா என்று அவர் சற்றே தயங்கினார். வந்திருக்கிறீர்கள், ஆகவே அந்தத் தயக்கத்துக்கு ஆதாரமில்லை என்று தெரிகிறது.

முதன்முதலில் நான் இங்கே வந்தபோது கல்லூரி மாணவன். திரும்பிச் செல்லும் பஸ் கட்டணத்தைத் தனியே மடித்து உள்பையில் செருகிவிட்டால், மிஞ்சியது இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குத்தான் போதும். தங்குவதற்கு ஒரு சிநேகிதனின் வீட்டை நம்பி வந்திருந்தேன். அந்த வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. இரவு ஒன்பது மணி. எதிர்ச்சாரியில் மரத்தூண்களின் மேல் ஓடு சரிந்திருந்த ஒரு தாழ்வாரத்தின் கீழே, என்ன செய்வதென்று தோன்றாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்து, கையில் செம்புடன் ஒரு பெரியவர் வெளியே வந்தார். விவரம் கேட்டார். "சாப்பிட்டாச்சா?" என்றார். பிறகு தாழ்வாரத்தை ஒட்டி உள்ளடங்கியிருந்த திண்ணையைக் காட்டி, "இங்கே ஏறிப் படுங்க தம்பி. திண்ணை எங்களுக்குக் கட்டினதில்லே, வர்றவங்களுக்குக் கட்டினது. நாங்க உள்ளே படுக்கிறோம்ல?" என்றார்.

அந்தத் திண்ணையை இன்றும் கண்ணை மூடினால் காண்கிறேன். சிவப்புச் சாந்து பூசி, எத்தனையோ பேருடைய முதுகு பட்டுப் பட்டுக் கண்ணாடியாக வழவழத்திருந்த தரை. தலைமாட்டில், தலையணை இல்லாதவனுடைய கழுத்து நோகாதிருக்கும் பொருட்டுச் சாந்தாலேயே ஒரு சாண் உயரத்துக்குச் சரித்துக் கட்டியிருந்த திண்டு. யாரென்று தெரியாத, என்றைக்கோ வரப்போகிற, பெயரற்ற ஒரு வழிப்போக்கனின் கழுத்தைப் பற்றி வீடு கட்டும்போதே ஒருவர் யோசித்திருக்கிறார் என்பது, அன்று படுத்த பிறகுதான் எனக்குப் புலப்பட்டது.

இலவசம் என்ற சொல்லை நாம் மிக எளிதாக உபயோகிக்கிறோம். காசு கொடுக்காமல் கிடைப்பதெல்லாம் இலவசம் என்று எண்ணுகிறோம். காசு கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் நாமல்லர், நமக்கு முன்னே வந்தவர், நமக்கு முகம் தெரியாதவர், அவ்வளவுதான். இந்த நகரத்தில் கட்டணமின்றி அனுபவிக்கக்கூடிய ஒவ்வோர் இன்பத்தையும் துருவிப் பார்த்தால், அதன் அடியில் இத்தகைய ஒருவருடைய செலவு, சில சமயம் ஒருவருடைய துக்கமே கூட, இருக்கக் காண்கிறேன்.

ஆயி மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாரதி பூங்காவின் நடுவே, கிரேக்க ரோமானியக் கோயில் ஒன்று வழி தவறி வந்து நின்றதுபோல் வெள்ளை வெளேரென்று நிற்கும் அந்தக் கட்டடத்தை அறியாதவர் இங்கே யாருமிலர். புதுச்சேரி அரசின் இலச்சினையே அதுதான். கர்ணபரம்பரையாக வழங்கும் கதையும் தெரிந்ததே. மாலை வேளையில் இப்பக்கம் வந்த மன்னர் ஒருவர் (கிருஷ்ணதேவராயர் என்பார்கள்) தீபங்கள் ஜொலிக்கும் ஒரு மாளிகையைக் கோயிலென்று கருதிக் கும்பிட்டார். அது தாசி ஒருத்தியின் வீடென்று பிறர் சொல்லக் கேட்டதும் கோபம் கொண்டு அதை இடித்துத் தள்ள ஆணையிட்டார். ஆயி என்னும் அந்தப் பெண்ணோ அவகாசம் கேட்டுத் தன் வீட்டைத் தானே இடித்து, அதே இடத்தில் ஊராருக்கென்று ஒரு குளம் வெட்டினாள். பல தலைமுறைகளுக்குப் பின், மூன்றாம் நெப்போலியன் பிரான்சை ஆண்ட காலத்தில், குடிநீரின்றித் தவித்த இந்நகருக்கு முத்திரப்பாளையத்தில் இருந்த அந்தக் குளத்திலிருந்து வாய்க்கால் வழியே தண்ணீர் கொண்டுவந்தார் லமரேஸ் என்னும் பொறியாளர். ஆயியின் வரலாற்றைக் கேட்ட சக்கரவர்த்தி அவள் பெயரால் மண்டபம் எழுப்பச் செய்தார் என்பது வழக்கு. கும்பிட்டது தாம் செய்த பிழை. இடிபட்டது அவளுடைய வீடு. இந்த நியாயத்தை மன்னர் எப்படிச் சரிக்கட்டினாரோ அறியேன். தண்ணீர் மட்டும் இன்றைக்கும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பூங்காவுக்கும் ஒரு பூர்வகதை உண்டு. பிரெஞ்சுக்காரர்களின் கோட்டை இருந்தது அந்தப் பிரதேசத்தில்தான். 1761-இல் ஆங்கிலேயர் இந்நகரைக் கைப்பற்றிக் கோட்டையையும் வெள்ளையர் வசித்த பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். அனுமதிச் சீட்டில்லாமல் ஒரு காலத்தில் எவரும் காலடி வைக்க இயலாதிருந்த அந்தப் பூமியில், இன்று வேலை தேடி வந்த இளைஞன் செருப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டு பகல் பன்னிரண்டு மணிக்கு மரநிழலில் நித்திரை செய்கிறான். அதை ஒரு சரித்திர முன்னேற்றம் என்றே நான் கருதுகிறேன்.

கோட்டை இடிந்து கிடந்த அந்த நாள்களில், வேறொரு மனிதர் இங்கே வந்தார். இலவசக் காட்சி ஒன்றுக்காக உலகத்திலேயே மிக அதிகமாகச் செலவு செய்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும். கியோம் லெ ஜான்த்தி என்பது அவர் பெயர், பிரெஞ்சு வானசாஸ்திரி. சூரியனுக்குக் குறுக்கே சுக்கிரன் ஒரு கரும்புள்ளியாகக் கடந்து செல்லும் அபூர்வக் காட்சியை 1761-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் புதுச்சேரியில் நின்று பார்க்க வேண்டுமென்று, 1760-இல் பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. ஆடும் கப்பலில் இருந்தபடி அளவெடுக்க முடியாமல் வெறுமனே பார்த்தார். அடுத்த முறை எட்டு ஆண்டுகள் கழித்து. எட்டு ஆண்டுகள்தானே என்று ஊர் திரும்பாமலே காத்திருந்தார்! பிரெஞ்சுக்காரர் கைக்கு ஊர் மீண்டபின் 1768-இல் இங்கே வந்து, இடிந்த கோட்டையின்மேல் ஒரு வானோக்கு நிலையம் கட்டிக்கொண்டு, இவ்வூர்த் தமிழரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கேட்டுக் குறித்துக்கொண்டு நாளை எண்ணினார். நாள் தவறாமல் காலையில் வானம் தெளிவாக இருந்தது. 1769 ஜூன் 4-ஆம் தேதி விடியற்காலையில் மேகம் மூடியது. சுக்கிரன் கடந்து முடிந்த பின்னர் வெயில் அடித்தது. பதினோர் ஆண்டுகளுக்குப் பின் பிரான்ஸ் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாகவே எண்ணி உறவினர் சொத்தைப் பங்கு போட்டுக்கொள்ள முனைந்திருந்தார்கள்.

கடற்கரைச் சாலையில் சூரியோதயம் பார்ப்பதற்காக நாலரை மணிக்கு எழுந்து வந்து, மேகத்தைக் கண்டு அங்கலாய்க்கும் பிரயாணிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு நட்டம் ஒரு தூக்கம். அதுவும் முழுத் தூக்கமன்று.

அந்தச் சாலையைப் பற்றி உங்களுக்கு விஸ்தரிக்க வேண்டுவதில்லை. எதுவார் குபேரின் பெயர் தாங்கிய அந்த ஒன்றரைக் கிலோமீட்டரை மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை மணி வரை வண்டிகளுக்கு மூடிவிட்டு நடப்பவர்களுக்கு ஒப்படைத்திருப்பது, சிறிய சட்டம், பெரிய நாகரிகம். செஞ்சியிலிருந்து வந்த கற்றூண்கள் சூழ நிற்கும் காந்தியடிகளும், 1836-ஆம் ஆண்டின் பழைய கலங்கரை விளக்கமும், முதல் உலகப் போரில் மாண்டவர்களின் நினைவுச் சின்னமும் அங்கே ஒரே பார்வையில் அடங்கும். ஆண்டுக்கொரு முறை ஜூலை 14-ஆம் தேதி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஊழியம் செய்து ஓய்வுபெற்ற நம்மவர்கள், நீங்கள் "சொல்தா" என்று சொல்வீர்களே, அவர்கள் பதக்கங்களை அணிந்துகொண்டு அந்தச் சின்னத்தின் முன் நிற்பதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். தமிழ் முகத்தில் பிரெஞ்சுப் பதக்கம் மின்னுவதை வேறெந்த ஊரில் இப்படிக் காண்போம்?

ஆனால் கடல் மட்டுமாவது ஒருவருடைய செலவும் இல்லாமல் இறைவன் கொடுத்தது என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பும் பொய்யாயிற்று. இந்தக் கரையோரம் மணல் ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருப்பது. 1980-களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்கென அலைதடுப்புச் சுவர்கள் எழும்பியபின், மணல் அங்கேயே தேங்கியது. நகரத்தின் கரையோ அரிக்கப்பட்டுப் போயிற்று. கரையைக் காக்கக் கருங்கல் பாறைகளைக் கொட்டினார்கள். என் முதல் வருகையில் கால் புதையப் புதைய நடந்த மணலைத் தேடி, அடுத்தடுத்த வருகைகளில் பாறைமேல் நின்று கீழே எட்டிப் பார்த்தேன். அண்மையில் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்து, தலைமைச் செயலகத்தின் எதிரே மணலை மீட்டிருக்கிறார்கள். குழந்தைகள் மறுபடி வீடு கட்டி விளையாடுகிறார்கள். இறைவன் சும்மா கொடுத்த மணலை நாம் தொலைத்துவிட்டுப் பணம் போட்டு மீட்டுக்கொண்டோம்.

இனி நடையைப் பற்றி. நடப்பதற்கென்றே வகுத்த ஊர் இது. நான்கு புறமும் புல்வார் சாலைகள் முட்டை வடிவில் சூழ்ந்திருக்க, உள்ளே வீதிகள் கோடு கிழித்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கிழக்கே நோக்கி எந்த வீதியில் நடந்தாலும் முடிவில் கடல் காத்திருக்கிறது. வழி சொல்வதற்குக் காசு கேட்காத ஊரில், வழி கேட்கவே அவசியமில்லாமற் செய்துவிட்டார்கள். (இங்கே எல்லாம் "வீதி"தான், "தெரு" என்று சொன்னவுடனேயே நான் வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுகிறீர்கள்.) மூலைக்கு மூலை நீலப் பலகையில் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதியிருக்கும் பெயர்களைப் படித்துக்கொண்டு போனால் அதுவே ஒரு சரித்திர வகுப்பு: துய்மா ஒரு கவர்னர், புஸ்ஸி ஒரு தளபதி, சுஃப்ரேன் ஒரு கடற்படைத் தலைவர், ரங்கப்பிள்ளையோ தம் காலத்து விலைவாசி முதல் வீண்பேச்சு வரை சகலத்தையும் நாட்குறிப்பில் எழுதிவைத்த துபாஷி.

இவ்விடத்தில் ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். வருகிற பிரயாணிகளில் பெரும்பாலோர் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, மஞ்சள் சுவரும் காகிதப் பூவும் உள்ள நான்கு வீதிகளிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குரிய தொகையைக் கொடுத்து ஒரு கோப்பை காப்பி அருந்துகிறார்கள். யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவின்முன் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்காரர் வெளியே வரவேண்டுமென்றால் அவரே இவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது! வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள் என்று அவர்களை அழைக்க ஆசை. அங்கேதான் வீதிக்காரனுக்கென்று தாழ்வாரமும், விருந்தாளிக்கென்று திண்ணையும், வீட்டாருக்கென்று முற்றமுமாக, அந்நியனைப் படிப்படியாக உள்ளே அழைக்கும் தமிழ் வீடுகள் இருக்கின்றன. வைசியாள் வீதியில் அவற்றை வரிசையாகப் புதுப்பித்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. மார்கழிக் காலையில், சாணம் தெளித்த வாசலில் ஒரு பெண்மணி குனிந்தபடி, புள்ளியைக் கண்ணால் எண்ணாமல் விரலாலேயே எண்ணிக் கோலமிடுவதைத் தெருமுனையிலிருந்து பார்ப்பதற்கு எந்தக் காட்சிசாலையில் சீட்டு வாங்க முடியும்? அந்தத் திண்ணைகள் பலவற்றில் இப்போது இரும்புக் கம்பிக் கதவு வந்துவிட்டது. தாழ்வாரங்களில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. கதவு போட்டவர்களைக் குறை கூறமாட்டேன், காலம் அப்படி.

பெரிய மார்க்கெட்டையும் மறவாதீர்கள் என்பேன். ஆனால் வேடிக்கை பார்ப்பதற்கும் ஒரு மரியாதை உண்டு. என்னோடு வந்த நண்பர் ஒருவர் மீன் கடை அம்மாளைப் படம் எடுக்கப் போக, அந்த அம்மாள் அருவாமணையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மீன் வாங்கறதுன்னா வாங்கு, படம் பாக்கறதுன்னா சினிமாக் கொட்டாய்க்குப் போ தம்பி" என்றாள். நண்பர் சைவர். கால் கிலோ நெத்திலி வாங்கி, வழியில் வந்த பூனைக்குக் கொடுத்தார்.

சிக்கனப் பிரயாணத்துக்கு இவ்வூரில் ஆசான் வேண்டுமானால் மகாகவி பாரதியாரைவிடச் சிறந்தவரை எங்கே தேடுவது? 1908-இல் அடைக்கலம் தேடி வந்து, பத்தாண்டுகள் இங்கே இருந்தார். அந்தப் பத்தாண்டுகளில் அவருடைய வீட்டில் என்றும் இல்லாதது காசு. என்றும் குறையாதது சந்தோஷம். சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த சம்பவத்தை அவர் மனைவி செல்லம்மாளின் நிலையிலிருந்து யோசித்தால் சிரிக்க முடியாதுதான். எனினும், கடற்கரையும் முத்தியாலுப்பேட்டைப் பக்கத்து மாந்தோப்பும் அவரிடம் கட்டணம் கேட்டிருந்தால், குயில் பாட்டை நாம் படித்திருப்போமோ என்பது சந்தேகம். கண்ணன் பாட்டும் பாஞ்சாலி சபதமும் இவ்வூர் வாசத்தில் பிறந்தவையே. ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த இல்லத்துக்குள் இன்றும் காசு கொடுக்காமல் போகலாம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், பெருமாள் கோயில் வீதியில், அவர் பெயரையே தம் பெயராக்கிக்கொண்ட பாரதிதாசனின் இல்லம். ஒரே காலையில் குருவையும் சீடனையும் தரிசித்துவிடலாம்.

மழை வந்தால்? ரோமன் ரோலந்து நூலகத்துக்குப் போங்கள். 1827-இல் தொடங்கியது, 1966-இல் அந்தப் பிரெஞ்சு அறிஞரின் நூற்றாண்டில் அவர் பெயரைப் பெற்றது. ஒரு முறை, மழைக்கு ஒதுங்க நுழைந்த நான், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. விளக்கை அணைக்க வந்த ஊழியர் என் தோளைத் தொட்டு, "ஐயா, மழை விட்டு மூணு மணி நேரமாச்சு" என்றார்.

அரவிந்தர் ஆசிரமத்தின் மௌனத்தைப் பற்றி மௌனமாக இருப்பதே முறை. ஆரோவில்லுக்குச் செல்பவர்கள் தூரத்தே நின்று மாத்ரி மந்திரின் பொன் கோளத்தைப் பார்ப்பதற்கு அனுமதி இலவசமே. ஆனால் அது ஒரு நாள் வேலை. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் மயிலத்திலிருந்தும் தீவனூரிலிருந்தும் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து கூடுவதையும், ஆடி மாதத்தில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரைப் பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்த பழக்கம் மாறாமல் இன்றும் துணைநிலை ஆளுநர் இழுத்துத் தொடங்கிவைப்பதையும் பஞ்சாங்கம் பார்த்து வருகிறவன் சாமர்த்தியசாலி. மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி மட்டும் இப்போது இல்லை. 2022 நவம்பர் 30-ஆம் தேதி காலை நடைப்பயிற்சியின்போது வீதியிலேயே விழுந்து உயிர் விட்டது. ஊரே திரண்டு அழுதது. ஒரு நாணயத்துக்கு ஆசீர்வாதம் வழங்கிய அந்தத் துதிக்கையின் கீழ் நானும் ஒரு தரம் தலை குனிந்திருக்கிறேன். என் செலவுக் கணக்கில் ஒரு ரூபாய்க்கு இவ்வளவு கனமான பண்டம் வேறு வாங்கியதில்லை.

கடைசியாக அரிக்கமேடு. அரியாங்குப்பத்துக்கு டவுன் பஸ்ஸில் போய், மாந்தோப்பு வழியே ஆற்றங்கரைக்கு நடந்தால், இடிந்த செங்கற் சுவர் இரண்டு மூன்று நிற்கும். அவையும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரிமார்களுடையவை. வேறொன்றும் இல்லை. "இதற்கா இவ்வளவு தூரம்?" என்று என் மனைவி கேட்டாள். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இந்த மண்ணைத் தோண்டி, இத்தாலியில் சுட்ட மட்பாண்டத்தின் ஓடுகளை எடுத்து, ரோமாபுரி வணிகத்தின் காலத்தை நிர்ணயித்தார் என்று சொன்னேன். அவள் சிறிது நேரம் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவங்க ஒயினையும் எண்ணெயையும் கொண்டுவந்து மிளகையும் மணியையும் வாங்கிக்கிட்டுப் போனாங்க, நாம எதுவும் வாங்காமத் திரும்பறோம். யார் கெட்டிக்காரங்க?" என்றாள். பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

நேரமாகிவிட்டது. கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்தி ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. நான் தங்கியிருக்கும் இடத்துக்குக் கொண்டுவிட ஆட்டோ ஏற்பாடு செய்திருப்பதாகச் செயலாளர் அன்போடு கூறினார்; வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன். பேசிய பேச்சுக்கு ஆட்டோவில் போவது அழகன்று. நடந்தேதான் போகப்போகிறேன், கூட வருகிறவர்கள் வரலாம்.